ஈரப்பஞ்சுச் சோதனை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். யாரும் பதற வேண்டாம், இரண்டாவது குடும்பத்துக்கு இறக்கை இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் குடும்பத்துக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் பாதியை எனக்குச் செய்திருந்தால் நான் இந்நேரம் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பேன்.

மேசை, நாற்காலி, கதவு இதற்கெல்லாம் பாலிஷ் போடுவது அவர் தொழில். வீட்டின் பின்பக்கக் கொட்டகைதான் பட்டறை. முன்னறையில் என் தையல் மெஷின். இரண்டுக்கும் நடுவில் உலாவிக்கொண்டிருந்ததுதான் கருந்தோட்டுக் கோழி இனம். பழைய இனம், சுத்தமான இனம், எங்கும் கிடைக்காத இனம் என்று அவர் ஆரம்பித்தால் வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். விஷயம் இவ்வளவுதான்: இதன் முட்டை ஓடு நன்றாக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். உடைத்தால் உள்ளே எல்லா முட்டையும் மாதிரிதான், அதே வெள்ளை, அதே மஞ்சள். இதை நான் ஒருமுறை சொல்லிவிட்டு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன்.

இந்தக் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. கருந்தோட்டுக் கோழி இனக் காப்புச் சங்கம். தலைவர் பல் டாக்டர், செயலாளர் என் வீட்டுக்காரர். டாக்டரின் ஆஸ்பத்திரி விடுமுறை நாளில் நோயாளிகள் உட்காரும் அறையில்தான் கூட்டம். சொத்தைப் பல் படத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, மடியில் பஞ்சு வைத்த டப்பாவோடு, பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தவர்கள் மாதிரி காத்திருப்பார்கள். பொய்ப்பல் கட்டும்போது நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க டாக்டர்களிடம் ஒரு வரிசை மாதிரிப்பல் இருக்குமே, அதைப் பார்த்துத்தான் இந்த டாக்டர் முட்டைக்கும் ஒரு நிற அட்டை செய்து வைத்திருந்தார். ஒன்றாம் எண் வெளிறியது, ஒன்பதாம் எண் கிட்டத்தட்டக் கறுப்பு. ஐந்துக்குக் கீழே இறங்கினால் அந்தக் கோழி கலப்பு என்று முடிவு. கலப்பு என்றால் கழுத்தைத் திருக வேண்டும், அதையும் சொந்தக்காரரே தன் கையால் செய்ய வேண்டும். இந்த விதியை அழகான கையெழுத்தில் எழுதியது யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். எறும்பு மிதிபட்டால் உச்சுக் கொட்டுகிற மனுஷன்.

இதில் ஒரு கூத்து உண்டு. இந்தக் கோழிகள் அடிக்கடி முட்டையிட்டால் நிறம் குறைந்துகொண்டே போகும். எப்போதோ ஒன்று என்று இடுகிற கோழியின் முட்டைதான் கன்னங்கரேல் என்று இருக்கும். ஆக, ஒழுங்காக வேலை பார்க்கிற கோழிக்குக் கழுத்துத் திருகல், சோம்பேறிக்குச் சங்கத்தின் வருஷக் கோப்பை. வருஷா வருஷம் சோம்பேறியாகப் பார்த்து வைத்துக்கொண்டு, வேலைக்காரியை எல்லாம் தீர்த்துக்கட்டி, இனம் மேலே போகிறது என்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் சீமாட்டி என்று ஒரு கோழி. பேர் நான் வைத்ததுதான். காலில் உறை மாட்டின மாதிரி இறகு, நடையில் ஒரு மிடுக்கு, நான் வெட்டிப் போட்ட துணியைத் தவிர வேறு எதிலும் உட்கார மாட்டேன் என்கிற கொழுப்பு. முதலில் விரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, மெஷின் சத்தம் கேட்டதும் அது வந்து காலடியில் உட்காரும், வராவிட்டால் எனக்கு வேலை ஓடாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன் மேல் எனக்கு உயிர். அதன் முட்டை எப்போதும் ஏழு, எட்டு என்று அட்டையில் நன்றாகவே நின்றது. அதனால் கவலை இல்லாமல் இருந்தேன்.

கவலை வந்தது மருந்துக்கடைக்காரரால். ஒரு கூட்டத்தில் அவர் ஒரு முட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அட்டையில் இல்லாத கறுப்பு. டாக்டர் அதை மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று கீழே வைத்துவிட்டார். அறை முழுக்க நரைமுடிக்குப் போடுகிற மையின் வாடை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, ஆனால் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பாதிப்பேர் அவர் கடையில்தான் மருந்து வாங்குகிறார்கள். டாக்டர் யோசித்தார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, இனி எல்லா முட்டைக்கும் ஈரப்பஞ்சுச் சோதனை என்று அறிவித்தார். இடுக்கியில் பஞ்சை எடுத்து, தண்ணீரில் நனைத்து, முட்டையைத் துடைக்க வேண்டும். பஞ்சில் நிறம் ஒட்டினால் அது போலி.

இங்கேதான் சொல்ல வேண்டும். கருந்தோட்டு முட்டையின் நிறம் ஓட்டுக்குள் ஊறினது இல்லை. கோழி கடைசி நேரத்தில் மேலே பூசி அனுப்புகிற பூச்சு அது. இட்ட சூட்டோடு எடுத்தால் விரல் ரேகை பதியும், நனைத்துத் துடைத்தால் பஞ்சில் வரும். கோழி வளர்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். டாக்டருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் தலைவர் எழுந்து நின்று, அதுவும் வெள்ளைக் கோட்டில் நின்று, ஒன்றைச் சொன்னால் குறுக்கே பேசுவது யார்? எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு தரம் ஆட்டினார், செயலாளர் ஆயிற்றே.

முதலில் மருந்துக்கடைக்காரரின் முட்டையைத் துடைத்தார்கள். பஞ்சு வெள்ளை வெளேரென்று வந்தது. மை நல்ல மை. சந்தேகப்பட்டதற்காக எல்லோரும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கைதட்டினார்கள். அடுத்தது டியூஷன் டீச்சர். தனி ஆள், வீட்டில் துணை என்று அந்தக் கோழிகள்தான், பொய் என்றால் என்னவென்று தெரியாத பெண். அவருடைய முட்டையைத் துடைத்தால் பஞ்சு பழுப்பாக வந்தது. அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லையே, நான் ஒன்றும் செய்யவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். விதி விதிதான். செயலாளர் கூடவே போய் நின்று, அத்தனை கோழியையும் டீச்சர் கையாலேயே முடிக்க வைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. நேராகப் போய் சீமாட்டியின் முட்டை ஒன்றை எடுத்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணி முழுக்கப் பழுப்பு. அடுத்த கூட்டத்தில் எங்கள் முறை.

இரண்டு நாள் சண்டை. உண்மையை எழுந்து சொல்லுங்கள் என்றேன். டீச்சர் கோழிகளை முடித்த பிறகு எப்படிச் சொல்வது என்றார். சங்கத்தை விட்டு விலகுங்கள் என்றேன். நான் ஏதோ அவரைப் பெற்றவர்களை விட்டு விலகச் சொன்னது மாதிரி பார்த்தார். அப்படியானால் சீமாட்டியின் கழுத்தைத் திருகப் போகிறீர்களா என்று கேட்டேன். மனுஷன் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"எதுக்கெல்லாமோ பாலிஷ் போடறீங்க. இதுக்கும் ஒரு கை போட்டா என்ன?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மட்டமான மரத்தை நல்ல மரமாக்கிக் காட்டுகிற வேலையை வாழ்நாளில் செய்ததில்லை என்று பெருமைப்படுகிறவர். நல்லதை நல்லதாகவே காட்டத்தானே பாலிஷ் போடச் சொல்கிறேன் என்று நான் விடாமல் பிடித்தேன்.  கடைசியில் அவர் அரக்குக் கரைசல் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்துகொண்டே, வால்நட் நிறமா ரோஸ்வுட் நிறமா என்று என்னைக் கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் சீமாட்டிக்குக் கோப்பை. ஒன்பதாம் எண், அதற்கு மேல் ஒரு பளபளப்பு. டாக்டர் பஞ்சு வைத்து எந்தப் பக்கம் துடைத்தாலும் துளி நிறம் வரவில்லை. மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணே அண்ணே என்று உருகிவிட்டார். அந்த முட்டையைப் பொய்ப்பல் அச்சுகள் இருக்கிற கண்ணாடி அலமாரியில், நடுத்தட்டில், பஞ்சு மெத்தை போட்டு வைத்தார்கள். சீமாட்டிக்கு இனத்தாய் என்று பட்டம். அவர் வீட்டுக்கு வந்து பட்டத்தைச் சொன்னபோது அது என் துணி மேல் எச்சம் போட்டுவிட்டுப் போனது.

அதோடு விட்டார்களா? இனத்தாயின் முட்டை எங்களுக்கும் வேண்டும், அடைவைத்துப் பொரிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தராக வந்தார்கள். பூசாமல் கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் துடைத்துப் பார்ப்பார்கள். அதனால் பூசிப் பூசியே கொடுத்தார். அரக்கு பூசின முட்டைக்குள் காற்று எங்கே போகும், குஞ்சு எங்கே வரும்? ஒன்றும் பொரிக்கவில்லை. சோதனைக்குப் பயந்து எல்லோரும் அவரவர் கோழி முட்டைக்கும் எதையோ பூசத் தொடங்கியிருந்தார்கள் போல, அதுவும் பொரிக்கவில்லை. ஒருத்தர் செருப்புக்குப் போடுவதைப் போட்டார் என்று கேள்வி. சங்கம் முழுக்க ஒரு குஞ்சுச் சத்தம் இல்லை. டாக்டர் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இனம் உச்சிக்குப் போய்விட்டதாம், அவ்வளவு உயர்ந்த முட்டை லேசில் பொரிக்காதாம். அதற்கும் கைதட்டல்.

இருந்த கோழிகளுக்கு வயதாகிக்கொண்டே போனது. ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் சங்கத்தில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், வருஷக் கோப்பை இருந்தது, நல்ல கருந்தோட்டுக் கோழி என்று முட்டையிட எங்கள் வீட்டுச் சீமாட்டி ஒன்றுதான் இருந்தது, துணைக்கு ஒரு கிழட்டுச் சேவல்.

அப்போதுதான் சீமாட்டி காணாமல் போனது. நான் தெருவெல்லாம் தேடி, அழுது, அக்கம்பக்கத்தில் எல்லோரையும் திட்டி ஒரு வழி பண்ணிவிட்டேன். கடைசியில் பட்டறையில் பலகை அடுக்கின மூலையில், மரத்தூள் மேல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் காட்டாமல் இட்ட முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. எந்தப் பூச்சும் படாத முட்டைகள். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, பலகையை மறுபடி சாய்த்து மறைத்து வைத்தேன். அவருக்கும் சொல்லவில்லை.

குஞ்சுகள் வெளியே வந்த காலையில்தான் சொன்னேன். மனுஷன் தரையில் படுத்துவிட்டார். பலகைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு, வா வா என்று கொஞ்சுகிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை, சத்தியமாக எங்கள் கல்யாணத்தில்கூட இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். டாக்டரிடம் சொல்ல ஓடிவிட்டார். இனம் பிழைத்துவிட்டது என்று சொல்ல. போனவர் சும்மா போயிருக்கக் கூடாதா? உடைந்த ஓடுகளையும் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், ஆதாரமாம்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். தாயையும் குஞ்சுகளையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை அவரை மட்டும் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கூடையை நானே எடுத்துக்கொண்டு போனேன். சொத்தைப் பல் படத்துக்குக் கீழே எல்லோரும் இருந்தார்கள். டியூஷன் டீச்சரும் கடைசி நாற்காலியில் இருந்தார். கோழி இல்லாவிட்டாலும் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். குஞ்சுகளைப் பார்த்ததும் எல்லோர் முகமும் ஒரு நிமிஷம் மனுஷ முகமாக இருந்தது. டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்தார்.

ஓட்டைத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு, இன்னொரு ஓடு, அதுவும் அப்படியே. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வருத்தத்தோடு சொல்வதாகச் சொன்னார். இனத்தாய் வழி தவறிவிட்டது, குஞ்சுகள் கலப்பு, விதி செயலாளருக்குத் தெரியாததில்லை.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது வாயைத் திறங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவும் அவர் பாலிஷ் போட்ட நாற்காலிதான். பிறகு எழுந்தார்.

"டாக்டர், கோப்பை வாங்கின முட்டைக்கு நான்தான் பாலிஷ் போட்டேன். நிஜ முட்டைன்னா நிறம் வரத்தான் செய்யும். இங்க இருக்கற எல்லாருக்கும் அது தெரியும்."

 குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று கத்தின. மருந்துக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாற்காலியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது, சத்தமே இல்லாத குரல்.

"அப்ப என் கோழிங்களை எதுக்குக் கொல்லச் சொன்னீங்க?"

 என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லப் போனார், முடியவில்லை. அந்த அம்மா ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். எனக்கே அங்கே நிற்க முடியவில்லை. கடைசியில் டீச்சரே பலமாகத் தலையை ஆட்டினார்.

"இல்ல. இவர் பொய் சொல்றார். என் கோழிங்க கலப்புதான். கலப்பா இருந்ததாலதான் செஞ்சேன்."

அவ்வளவுதான், அறைக்கே உயிர் வந்துவிட்டது. ஆமாம் ஆமாம் என்று நாலா பக்கமும் குரல். செயலாளர் பாசத்தில் பேசுகிறார், கோழியைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், பாவம் என்றார்கள். டாக்டர் அலமாரியைத் திறந்து கோப்பை முட்டையை எடுத்தார். சோதித்துவிட்டால் தெரிந்துவிடப் போகிறது என்றார். பஞ்சை நனைத்துத் துடைத்தார்கள். மருந்துக்கடைக்காரர் வாங்கி, தன் பங்குக்கு இன்னும் அழுத்தித் துடைத்தார். பஞ்சு பால் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் போட்ட பாலிஷ் என்றைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது?

ஆக, அவர் சொன்னது பொய் என்று எல்லோர் கண்ணெதிரே நிரூபணம் ஆனது. இனத்தைக் களங்கப்படுத்தியதற்காகச் செயலாளர் சங்கத்திலிருந்து நீக்கம் என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் முடிந்த கையோடு டாக்டர் என் கூடைப் பக்கம் திரும்பி, விதிப்படி மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று அவரிடம் சொன்னார். பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்கிற அதே குரல்.

எனக்கு எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று வந்தவள், மெதுவாகத்தான் பேசினேன்.

"இது உங்க இனம் இல்லைன்னு இப்பத்தான் சொன்னீங்க. இவரும் உங்க ஆள் இல்லைன்னுட்டீங்க. அப்புறம் உங்க விதி என் கோழிக்கு எதுக்கு டாக்டர்?"

டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்துகொண்டு இருப்பது எப்போதும் வேறு ஆட்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே கண்ணாடி அலமாரியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

தெருவில் வெளிச்சம் இன்னும் இருந்தது. கடைகளைக் கடந்து வீட்டுப் பக்கம் நடந்தோம். இத்தனை வருஷம் அந்தச் சங்கத்தை நான் திட்டாத திட்டில்லை. இப்போது அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் அது இருந்துவிட்டே போயிருக்கலாம் என்று பட்டது. உண்மையைச் சொன்னார், அதற்கு அடி வாங்கினார், இனி எந்த நாற்காலியில் போய் உட்காருவார்? நாளைக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பத்தில் அவர் நின்றார். கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒருவேளை அவங்க சொல்றதுதான் சரியா இருக்குமோ? இவ்வளவு துடைச்சும் அந்த முட்டையில நிறம் வரலையே."

நான் அப்படியே மலைத்துப் போய் நின்றுவிட்டேன். தன் கையால் பூசியவர். வால்நட்டா ரோஸ்வுட்டா என்று என்னைக் கேட்டுவிட்டுப் பூசியவர். அவர் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வந்த கோபத்தில் கூடையை அவர் கையில் திணித்தேன்.

"அப்ப இந்தாங்க, இங்கயே திருகிப் போட்டுட்டு வாங்க. நான் முன்னால போறேன்."

சொன்னபடி நடந்தும் விட்டேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அந்த நிமிஷத்தில் அவர் என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் வாசல் வந்துவிட்டது. கதவில் கையை வைத்துக்கொண்டு, இனி முடியாது என்று திரும்பினேன்.

வந்துகொண்டிருந்தார். சட்டையைக் காணோம். குஞ்சுகளுக்குக் குளிரக் கூடாது என்று கழற்றிக் கூடை மேல் போர்த்தியிருந்தார். வெறும் பனியனோடு, தெருவே பார்க்க, கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக வந்தார். அருகில் வந்ததும், கலப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கூடு கொஞ்சம் பெரிசாக அடிக்க வேண்டும் என்றார்.